யார் கண்ணுக்கு ஒரே சாயல்?

போன ஐப்பசியில் நெல்லிக்குப்பத்துப் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று நாள் அடைமழை அன்றுதான் விட்டிருந்தது. கூடத்தின் குறுக்கே கட்டிய கொடியில் துணிகள் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து சுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். வயது 78. மூச்சிரைப்பு உள்ளவர் என்பதால் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அழைத்துப் போவது என் பொறுப்பு. நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன். "போன வருடம் போட்டோமே, அந்த ஊசி எங்கே போயிற்று?" என்றார். வைரஸ் மாறிவிடுகிறது, அதனால் ஊசியையும் மாற்றுகிறார்கள் என்று வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாறிவிட்டது என்று யார் பார்த்தார்கள்? எதை வைத்துச் சொல்கிறார்கள்?"

முப்பது ஆண்டுகளாகப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்ல வாய் எடுத்தபோது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டு வந்து சொல்கிறேன் பெரியம்மா என்று எழுந்துவிட்டேன்.

அதே வாரம் புதுச்சேரியில், எங்கள் கூடத்தில் ஆய்வு செய்யும் பாகூர்த் தம்பி ஒருவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு ஃப்ளூ வைரஸ்களின் மரபு வரிசையை அடுத்தடுத்து வைத்திருந்தார். ஹீமக்ளூட்டினின் என்ற மேற்பரப்புப் புரதத்தில், தலையை உள்ளடக்கிய பகுதியில் 329 அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுமானக் கற்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் வேறு. "99.7 சதவீதம் ஒன்று, அக்கா. அதே வைரஸ்தான்" என்றார். சொன்ன எண்ணில் பிழையில்லை. ஆனால் "அதே" என்ற சொல் எனக்குள் எங்கோ உறுத்தியது. அன்று மாலை கடலூர் பஸ்ஸில் தவளக்குப்பம், கன்னியக்கோயில் எல்லாம் தாண்டியும் அந்தச் சொல் என்னை விடவில்லை. பெரியம்மா மாறிவிட்டதா என்று கேட்கிறார், தம்பி மாறவில்லை என்கிறார். இரண்டு பேருக்கும் நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான் என்று தோன்றியது. அதைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

குங்குமப் பொட்டு

ஃப்ளூ வைரஸ்களை ஒப்பிட நாங்கள் செய்யும் பழைய சோதனைக்கு எச்.ஐ. என்று பெயர், ஹீமக்ளூட்டினேஷன் இன்ஹிபிஷன் என்பதன் சுருக்கம். இதன் தொடக்கம் 1941. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவன ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் கரு வளரும் கோழிமுட்டைகளில் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். முட்டைக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி எடுக்கும்போது மெல்லிய இரத்தநாளம் கிழிந்து, இரத்தம் அந்த நீரில் கலந்துவிட்டது. கலந்த சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரண்டன. வேறொருவராக இருந்தால் கெட்டுப்போன முட்டை என்று ஒதுக்கியிருப்பார். அவர் ஏன் என்று கேட்டார். அதே ஆண்டில் கனடாவில் மெக்லேலண்ட், ஹேர் என்ற இருவரும் தனியாக இதைக் கண்டார்கள்.

காரணம் எளிது. வைரஸின் மேல் முள் முள்ளாக நிற்கும் ஹீமக்ளூட்டினின், சிவப்பணுவின் மேலிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வைரஸ் இரண்டு மூன்று அணுக்களைப் பிடிக்கும், ஒவ்வோர் அணுவையும் பல வைரஸ்கள் பிடிக்கும். கடைசியில் வலை பின்னியதுபோல் ஆகிவிடும். சோதனையைச் சிறு குழிகள் கொண்ட தட்டில் செய்வோம். வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் தங்கள் பாட்டுக்கு இறங்கி, அடியில் குங்குமப் பொட்டு வைத்ததுபோல் குவிந்து நிற்கும். வைரஸ் உள்ள குழியில் பொட்டு விழாது. குழி முழுவதும் இளஞ்சிவப்பாகப் படலம் கட்டி நிற்கும். இப்போது ஒருவருடைய சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, முதலில் சேர்த்துவிட்டு, பிறகு இரத்தத்தை விடுங்கள். அந்தச் சீரத்தில் இந்த வைரஸை அடையாளம் தெரிந்த எதிர்ப்பொருள் இருந்தால் அது போய் வைரஸின் முள்ளில் உட்கார்ந்துகொள்ளும். வைரஸால் அணுவைப் பிடிக்க முடியாது. மறுபடியும் பொட்டு விழும்.

சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவோம். பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, எண்பது, நூற்று அறுபது என்று 1280 வரை, சில சமயம் அதற்கு மேலும். எந்தக் குழி வரை பொட்டு விழுகிறதோ அதுதான் அந்தச் சீரத்தின் டைட்டர். 40 இருந்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாதுகாப்பு என்பது 1970-களிலிருந்து வழங்கிவரும் கணக்கு.

எழுதும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. கையில் எடுத்தால்தான் தெரியும். சீரத்தில் இயல்பாகவே வைரஸை மறிக்கும் வேறு பொருள்களும் இருக்கும், அவற்றை முதலில் ஒழிக்க வேண்டும். அதற்கு உதவும் நொதி காலராக் கிருமியிலிருந்து வருகிறது. முந்தின நாள் மாலை சேர்த்து, இரவு முழுவதும் 37 டிகிரியில் வைத்து, காலையில் 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி அந்த நொதியையும் அடக்க வேண்டும். இரத்தம் புதிதாக இருக்க வேண்டும். எங்களுக்குக் கடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வான்கோழி வளர்ப்பவரிடமிருந்து இரத்தம் வரும். ஐஸ் பெட்டியில் வந்ததும் மூன்று முறை கழுவி, அரை சதவீதக் கரைசலாக்குவேன். மே மாத வெயிலில் பெட்டி பஸ்ஸில் அரை மணி நேரம் தாமதமானால்கூடச் சில அணுக்கள் உடைந்து, மேல்நீர் செம்பருத்திச் சாறு நிறத்தில் இருக்கும். அன்றைய வேலை அதோடு போயிற்று.

எல்லாம் சரியாக அமைந்தபின் பிளேட் படிப்பது இருக்கிறது. 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழியும் அடியில் கூம்பி நிற்கும். விளக்குப் பெட்டியின் மேல் அதைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உண்மையான பொட்டாக இருந்தால் சாய்த்ததும் மெல்ல இளகி, அழுத கண்ணில் மை வழிவதுபோல் ஒரு கோடாகக் கீழே இறங்கும். வலை பின்னிய குழியில் ஒன்றும் நகராது. இரண்டுக்கும் நடுவே ஒரு குழி எப்போதும் இருக்கும். வழிகிறதா, வழிவதாக எனக்குத் தோன்றுகிறதா என்று சொல்ல முடியாத குழி. வைரஸே சேர்க்காத குழியில் எவ்வளவு நேரத்தில் வழிந்ததோ அவ்வளவு நேரத்தில் இதுவும் வழிந்தால்தான் கணக்கு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார், கை ஆடக்கூடாது என்பார். நான் 160 என்று எழுதிய குழியை அவர் 80 என்பார். அதனால்தான் ஒரு படி வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு வித்தியாசம் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவோம். எட்டு மடங்கு என்றால் இரண்டு வைரஸ்களும் வேறு வேறு என்று பேச்சு தொடங்கிவிடும்.

மூன்று சீரம்

என் எண்ணம் புரண்டது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில். அப்போது நான் வேலை பார்த்த கூடத்தில், எச்3என்2 என்ற ஃப்ளூ வகையின் இரண்டு வைரஸ்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகள் இடைவெளியில் வந்தவை. முன்னது, பின்னது என்று சொல்லிக்கொள்வோம்.

ஒப்பிடுவதற்கு ஃபெரட்டின் சீரம்தான் அளவுகோல். ஃபெரட் கீரிப்பிள்ளை மாதிரி நீள உடல் கொண்ட பிராணி. மனிதருக்கு ஃப்ளூ வரும் அதே விதத்தில் அதற்கும் வரும், தும்மும், காய்ச்சல் காணும். 1933-இல் லண்டன் மில் ஹில்லில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலாகப் பிரித்தது ஃபெரட்டில்தான். வில்சன் ஸ்மித்தும் ஃப்ளூவில் படுத்து, அவரிடமிருந்து எடுத்த வைரஸ் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு இன்றும் ஆய்வகங்களில் வழங்குகிறது. இதற்கு முன் ஃப்ளூவையே பார்க்காத ஃபெரட்டுக்கு ஒரு வைரஸை மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்த சீரம் அந்த ஒரு வைரஸை மட்டும் தெளிவாக அறியும். உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முன்னதைக் கொடுத்து வளர்த்த ஃபெரட் சீரத்தை வைத்தேன். முன்னதற்கு 1280. பின்னதற்கு 160. மூன்று படி, எட்டு மடங்கு. சந்தேகமே இல்லை, வேறு வைரஸ். அதே தட்டில், ஆய்வுக்காகச் சம்மதம் பெற்று எடுத்த மனிதச் சீரங்கள் இரண்டு இருந்தன. எண்ணும் வயதும் மட்டுமே எங்களுக்குத் தெரியும். ஒன்று ஆறு வயதுக் குழந்தையுடையது. முன்னதற்கு 320, பின்னதற்கு 40. ஃபெரட் சொன்னதையே குழந்தையும் சொன்னது. அடுத்தது எழுபது வயது கடந்த ஒரு பெண்மணி. முன்னதற்கு 160. தட்டைச் சாய்த்துப் பின்னதைப் பார்த்தேன். அதுவும் 160.

தப்பாகச் சேர்த்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் மறுபடியும் செய்தேன், வரிசையை மாற்றி வைத்து. அதே எண்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சாய்த்துப் பார்த்தார், எண்ணினார், என் எண்களையே சொன்னார். அப்படியானால் இந்த இரண்டு வைரஸும் ஒன்றா, வேறா என்று கேட்டேன். "யாரிடம் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தட்டை பிளீச் கரைசலில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அறிவியல் என்றால் ஒரு பதில் இருக்க வேண்டாமா? பிறகு மெல்ல மெல்லத்தான் அதன் ஆழம் பிடிபட்டது. அந்தப் பெண்மணி பிறந்து வளர்ந்தபோது சுற்றியது எச்1என்1. 1957-இல் மதராஸ் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்த ஆசியக் காய்ச்சல் எச்2என்2. 1968-இல் எச்3என்2 வந்தது, அதன் பிள்ளைகளும் பேரன்களும் முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும் வந்து போயின. அவருடைய இரத்தம் எத்தனை முகங்களைப் பார்த்திருக்கும்! முன்னதிலும் பின்னதிலும் அது பொதுவான ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டது. குழந்தை பார்த்திருந்தது ஒரே முகத்தை. அதில் கொஞ்சம் மாறினாலும் அதற்கு ஆள் வேறு.

திருவந்திபுரத்தில் உறவினர் திருமணம் ஒன்றில், தூரத்துப் பாட்டி ஒருவர் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே உன் கொள்ளுப்பாட்டி" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் யாருக்கும் ஒரு சாயலும் தெரியவில்லை. அவர்கள் அந்தக் கொள்ளுப்பாட்டியைப் பார்த்ததில்லை. சாயல் என் மகளின் முகத்தில் மட்டும் இல்லை, பாதி அந்தப் பாட்டியின் கண்ணில் இருந்தது. அந்தத் தட்டு எனக்குக் காட்டியதும் அதுதான். ஒரு வைரஸ் இன்னொன்றைப் போல இருக்கிறதா என்பது, பார்க்கும் சீரத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் கேட்கவே முடியாத கேள்வி.

145-ஆம் இடம்

இங்கேதான் பாகூர்த் தம்பியின் 99.7 சதவீதத்துக்கு வருகிறேன். மரபு வரிசையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அது இல்லாமல் சில உண்மைகள் வெளிவந்தே இருக்காது. 1977-இல் இருபது ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த எச்1என்1 திடீரென்று திரும்பி வந்தது. அதன் ஆர்என்ஏவை நொதியால் துண்டாக்கி, துண்டுகள் விழும் கோலத்தைப் பழைய வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள் நக்காஜிமா, டெசல்பர்கர், பலேசி மூவரும். 1950-இல் எடுத்த வைரஸ்களோடு அது மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஓயாமல் மாறும் ஒரு வைரஸ் கால் நூற்றாண்டு ஏறத்தாழ மாறாமல் எங்கே இருந்தது? எங்கோ உறைபெட்டியில்தான் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் கோலம்தான் கிளப்பியது. 1978-இல் அந்த ஆய்வு வெளியானது. வம்சம் எது, யாருக்கு யார் பிள்ளை என்று கேட்டால் வரிசைதான் பதில் சொல்லும், வேறெதுவும் சொல்லாது.

ஆனால் பெரியம்மா கேட்டது வம்சத்தை அன்று. என் உடம்புக்கு இது தெரிந்ததா, தெரியாததா என்பது அவர் கேள்வி. அதற்குச் சதவீதத்தைப் பதிலாகக் கொடுப்பது ஏமாற்று. 329 இடங்களும் ஒரே மதிப்புள்ளவை என்று வைத்துக்கொண்டால்தான் சதவீதம் எதையாவது சொல்லும். அவை ஒரே மதிப்புள்ளவை அல்ல. நெதர்லாந்தில் கூல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2013-இல் இதை இடம் இடமாக மாற்றிப் பார்த்தே காட்டினார்கள். எச்3என்2 1968-இலிருந்து 2003 வரை எதிர்ப்பொருளை ஏமாற்றி எடுத்த பெரிய தாவல்களுக்கெல்லாம் முக்கியக் காரணம் ஏழே இடங்கள்: 145, 155, 156, 158, 159, 189, 193. எல்லாம் சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும் பள்ளத்தை ஒட்டி நிற்பவை. சீரத்துக்கு ஒரே மாதிரி தெரியும் வைரஸ்களை ஒரு கூட்டம் என்பார்கள்; பெய்ஜிங் 1992 என்ற கூட்டத்திலிருந்து வூஹான் 1995 என்ற கூட்டத்துக்குத் தாவ, 145-ஆம் இடத்தில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் போய் லைசின் வந்தது ஒன்றே போதுமாக இருந்தது. வேறோர் இடத்தில் பத்து மாறினாலும் சீரத்துக்கு உறைக்காமல் போகலாம். இங்கே ஒன்று மாறினால் முகமே மாறிவிடும்.

இதற்கு முன்பே 2004-இல் டெரக் ஸ்மித், ரான் ஃபூஷியே முதலானோர் எச்.ஐ. எண்களைக் கொண்டு ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. பஸ் நிலையத்தில் ஊருக்கு ஊர் தூரம் எழுதிய பலகை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி, புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, பண்ருட்டியிலிருந்து கடலூர். தூரங்கள் போதிய அளவு தெரிந்தால், ஊர்களைப் பார்க்காமலே தாளில் எது எங்கே இருக்கிறது என்று வைத்துவிடலாம். அதேபோல் ஒவ்வொரு படி டைட்டர் வித்தியாசத்தையும் ஓர் அலகுத் தூரமாக வைத்து, 273 வைரஸ்களையும் 79 சீரங்களையும் ஒரே தாளில் நிறுத்தினார்கள். 35 ஆண்டுகளின் எச்3என்2 அதில் 11 கூட்டங்களாகப் பிரிந்து நின்றது. மரபு வரிசை ஆண்டுக்கு ஆண்டு சீராக நகர்ந்துகொண்டிருக்க, சீரத்தின் கண்ணுக்கு வைரஸ் சில ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று, பிறகு சட்டென்று தாவியிருந்தது. இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டவில்லை. வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எந்த அடி தாவல் என்று தெரிந்திருக்காது.

அந்த வரைபடம் முழுவதும் யாரோ தட்டைச் சாய்த்துப் படித்த எண்களால் ஆனது. இதை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் முன்பு இருந்த இடம் ஒன்றில் பிளேட் படிக்கும் மேசையையும் விளக்குப் பெட்டியையும் எடுத்துவிட்டு, வரிசை படிக்கும் கருவிக்கு இடம் ஒதுக்கினார்கள். கருவி வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் இடம் இருந்தது. எச்.ஐ. காலம் முடிந்துவிட்டது என்று சொன்னவர் ஒரு தட்டையும் தன் கையால் சாய்த்துப் பார்த்ததில்லை.

மல்லாட்டை

எச்.ஐ. மூப்படைந்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. எச்3என்2 வைரஸ் 1990-களிலிருந்தே கோழி இரத்தத்தைப் பிடிக்க மறுக்கத் தொடங்கியது. வான்கோழிக்கு மாறினோம், பிறகு கினிப் பன்றிக்கு மாறினார்கள். அதன் பிறகு இன்னொரு சிக்கல்: வைரஸின் மற்றொரு புரதமான நியூராமினிடேஸும் சிவப்பணுவைப் பிடிக்கத் தொடங்கியது. எது பிடிக்கிறது என்று தெரியாமல் போனதால், ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மருந்தையே சோதனையில் சேர்த்து அந்தப் பிடியைத் தடுக்க வேண்டியிருந்தது. 2014-க்குப் பிறகு வந்த சில எச்3என்2 வைரஸ்களை எச்.ஐ.யால் ஒப்பிடவே முடியவில்லை. அவற்றுக்கு நியூட்ரலைசேஷன் சோதனைதான். வைரஸையும் சீரத்தையும் கலந்து உயிருள்ள செல்களின் மேல் விட்டு, எத்தனை செல்களில் தொற்று ஏறுகிறது என்று பார்ப்பது. அந்தச் செல்கள் 1958-இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. நாள் கூடுதலாகும், செலவும் அதிகம். ஆனால் கேள்வி மாறவில்லை: இந்தச் சீரத்துக்கு இந்த வைரஸைத் தெரியுமா?

நியூராமினிடேஸை ஒப்பிடும் சோதனையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் எங்கள் ஊர் மண் இருக்கிறது. நியூராமினிடேஸின் வேலை சியாலிக் அமிலத்தை வெட்டுவது. ஃபெட்யூயின் என்ற புரதத்தைத் தட்டில் பூசி வைப்பார்கள். வைரஸ் அதன் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தை வெட்டியதும், அடியில் மறைந்திருந்த கேலக்டோஸ் வெளியே தெரியும். அந்தக் கேலக்டோஸைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று வேண்டும். அது மல்லாட்டையில் இருக்கிறது. ஆமாம், நிலக்கடலைதான். தென்னாற்காட்டில் பிறந்த எங்களுக்கு அது மல்லாட்டை. கடலையிலிருந்து பிரித்த அந்தப் புரதத்தோடு நிறம் காட்டும் நொதி ஒன்றை இணைத்துத் தட்டில் ஊற்றுவார்கள். நிறம் ஏறினால் வைரஸ் வெட்டியிருக்கிறது. சீரத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் வெட்டாமல் தடுத்திருந்தால் நிறம் ஏறாது. சின்ன வயதில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த கை இது. முதல்முறை அந்தப் பாட்டிலின் மேல் இருந்த பெயரைப் படித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

ஒப்பிடுவதற்காக வைரஸை வளர்ப்பதே அதை மாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். முட்டையில் வளர்க்கும்போது, கோழியின் செல்களைப் பிடிக்க வசதியாக வைரஸ் தன் பள்ளத்தை மாற்றிக்கொள்ளும். 2016-17 பருவத்துத் தடுப்பூசியில் இருந்த எச்3என்2, முட்டையில் வளர்ந்தபோது 160-ஆம் இடத்தில் மாறி, அங்கே ஒட்டியிருக்க வேண்டிய சர்க்கரைப் போர்வையை இழந்துவிட்டது. ஊரில் சுற்றிய வைரஸுக்கு அந்தப் போர்வை இருந்தது. ஊசி ஒரு முகத்தைக் காட்டிக்கொடுத்தது, வந்தது வேறொரு முகம். இந்த இடத்தில் மரபு வரிசை பெரிய துணை. தொண்டைச் சளியிலிருந்து நேராகப் படித்தால், வளர்ப்பில் எது மாறியது என்று அதுதான் காட்டும். அதனால் இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வது யாரையும் சமாதானப்படுத்த அன்று, ஒன்றின் பிழையை மற்றொன்றுதான் பிடிக்கிறது என்பதால்.

மறுபடியும் நெல்லிக்குப்பம்

மறு வாரம் போனபோது பெரியம்மாவிடம் முடிந்தவரை விவரமாகச் சொன்னேன். பல நாடுகளில் காய்ச்சல்காரர்களின் தொண்டைச் சளியிலிருந்து வைரஸை எடுக்கிறார்கள், 1952-இலிருந்து உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று ஒரு வலையமைப்பு வைத்திருக்கிறது, ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஒப்பிட்ட எண்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து அடுத்த ஊசியில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள் என்றேன். கீரிப்பிள்ளை மாதிரி ஒரு பிராணியின் இரத்தத்தை வைத்துத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிராணி ஒரு முறைதானே காய்ச்சலில் படுத்தது? நான் எத்தனை முறை படுத்திருக்கிறேன். என் இரத்தத்தை வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி சொல்லாதா?" என்றார்.

விளக்குப் பெட்டியின் முன் நின்று நான் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. சொல்லும் பெரியம்மா, அதையும் பார்க்கிறார்கள் என்றேன். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள், பெரியவர்கள், முதியவர்கள் என்று வயதுவாரியாகச் சீரம் எடுத்து, புதிய வைரஸ்களை அவர்களின் இரத்தம் அறிகிறதா என்று ஊசியை முடிவு செய்யும் அந்த ஆலோசனைக்கு முன் பார்ப்பது வழக்கம். உங்களுக்குப் பழைய முகங்கள் நிறையத் தெரியும், ஆனால் வயதானால் இரத்தம் புதிதாகக் கற்றுக்கொள்வது மெதுவாகிவிடும், ஆண்டுக்கு ஆண்டு எதிர்ப்பொருளும் குறைந்துகொண்டே வரும், அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டுகிறோம் என்றேன். "சரி, அழைத்துப் போ" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

பாகூர்த் தம்பிக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. வான்கோழிக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி இரத்தம் வரவழைத்தேன். உறைபெட்டியில் இருந்த பழைய வைரஸ் இரண்டையும், மிச்சமிருந்த சீரத்தையும் எடுத்தேன். முதல் நாள் மாலை நொதியைச் சேர்த்ததும், மறுநாள் பிப்பெட்டால் பாதி பாதியாக நீர்க்கச் செய்ததும் அவரேதான். இரத்தம் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். தட்டைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் வைரஸ் சேர்க்காத குழியில் பொட்டு இளகிக் கோடாக இறங்கியது. முதல் வைரஸின் வரிசையில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டாம் வரிசையில் ஐந்தாவது குழியில் நிறுத்தினார். வழிகிறது அக்கா, இல்லை, வழியவில்லை என்றார். இன்னும் கொஞ்ச நேரம் பார் தம்பி என்றேன். தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்கும் அதே கண்ணால் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.